வாசலில் ஏழு நிமிஷம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் மூன்றாவது மாடி ஃபிளாட். கணக்குப் பிரிவில் வேலை. பத்தொன்பது வருஷமாகக் காலையில் ஒரு கோலம். இதை எழுத எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். லிஃப்டில், ஆஃபீஸ் சாப்பாட்டு மேஜையில், மார்கழி வந்துவிட்டால் மாடிப்படியில் என்று அதே சந்தேகங்களை ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேருக்குக் கோலத்தைப் பற்றி அக்கறை இல்லை. "தினமும் அதே சமையல், அதே பஸ், அதே ஃபைல். உனக்கு மட்டும் புதுசாக ஒன்று செய்யணும் என்று எப்படித் தோணுது?" என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கேள்விகள் மட்டும் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே.

அக்கா, எனக்குக் கோடே நேரா வராது. இதெல்லாம் எனக்குச் சரிப்படுமா?

கோடு கோணலாகப் போவதற்குக் கையைத் திட்டுகிறோம். பெரும்பாலும் தப்பு மாவில் இருக்கும், இல்லாவிட்டால் தரையில். இடியாப்பத்துக்கு வைத்திருக்கும் நைஸ் மாவு விரலில் ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக விழும். பச்சரிசியை ஊறவைக்காமல் ரவையைவிடக் கொஞ்சம் சன்னமாக, கொரகொரப்பு போகாமல் அரைத்தால் மணல் மாதிரி வழியும். கடையில் விற்கும் கல்மாவு இன்னும் சுலபமாக வழியும். இரண்டையும் பாதிப் பாதி கலப்பவர்களும் உண்டு. தண்ணீர் தெளித்து, ஈரம் இழுத்துக்கொண்ட பிறகு போடுங்கள். நீர் தேங்கிய இடத்தில் மாவு கரையும். காய்ந்த தரையில் காற்று அள்ளிக்கொண்டு போகும்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை. கை தரையைத் தொட வேண்டாம், இரண்டு விரற்கடை மேலே இருக்கட்டும். கோடு இழுக்கும்போது விரலை நகர்த்தாதீர்கள், முழங்கையிலிருந்து கை மொத்தமும் நகரட்டும். முதல் பத்து நாள் கோலமே வேண்டாம், புள்ளி மட்டும் வையுங்கள். ஒரே இடைவெளியில் புள்ளி விழ ஆரம்பித்த கைக்குக் கோடு பெரிய காரியமில்லை.

காலைல குக்கர் வைக்கவே நேரமில்ல. நீங்க வேற!

ஊடுபுள்ளி, ஐந்தில் ஆரம்பித்து மூன்றில் நிறுத்துங்கள். நடு வரிசையில் 5, அதன் மேலும் கீழும் இடைவெளிகளில் 4, அதற்கடுத்து 3. மொத்தம் 19 புள்ளி. வாசல் தெளிப்பதையும் சேர்த்து எனக்கு ஏழு நிமிஷம். 15 புள்ளி வைத்து 8இல் நிறுத்தினால் 169 புள்ளி. அது மார்கழி ஞாயிற்றுக்கிழமைக்கு, அதுவும் பிள்ளைகள் தூங்கினால்.

நேரம் எங்கே போகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பார்த்தேன். போடுவதில் இல்லை, "இன்னிக்கு என்ன போடறது" என்று மாவுக் கிண்ணத்தோடு நிற்பதில்தான் போகிறது. அதனால் யோசனையை முந்தின நாள் ராத்திரிக்கு மாற்றினேன். பால்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு நிமிஷம் கிறுக்கி வைத்துவிட்டுப் படுப்பேன். காலை ஐந்தரைக்கு என் மூளையை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது. கையை ஒப்படைக்கலாம். அந்த மாதிரி நோட்டுகள் இப்போது பதினொன்று சேர்ந்திருக்கின்றன.

எங்க ஃபிளாட்ல வாசலே ரெண்டடிதான். டைல்ஸ் வேற, மாவு நிக்கவே மாட்டேங்குது.

டைல்ஸை ஈரத்துணியால் துடைத்து, பளபளப்பு மங்கும் நேரத்தில் போடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் சாக்பீஸைத் தண்ணீரில் தோய்த்து வரையுங்கள். போடும்போது மங்கலாகத் தெரியும், காய்ந்தால் பளிச்சென்று வெளுக்கும். அந்த இடமும் இல்லாதவர்கள் மணைப் பலகையில் போடலாம். என் சிநேகிதி ஒருத்தி மகளின் பழைய சிலேட்டில் போட்டுக் கதவோரம் சாய்த்து வைக்கிறாள்.

ஸ்டிக்கர் ஒட்டலாமா என்றால், ஒட்டலாம். வாசலுக்கு அழகு. உங்களுக்கு அதில் செய்ய எதுவும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

புக்கைப் பார்த்துத்தான் போடுவேன். சொந்தக் கற்பனையே கிடையாது. அப்ப அது என் கோலமா?

நாம் எல்லாரும் பார்த்துத்தான் போட ஆரம்பித்தோம். அம்மா போட்டதை, எதிர்வீட்டு மாமி போட்டதை, மார்கழியில் வாரப் பத்திரிகையோடு இலவசமாக வந்த புத்தகத்தை. என் முதல் நான்கு நோட்டுகளில் என்னுடையது என்று சொல்ல ஒரு கோலம்கூட இல்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். இன்று பார்த்துப் போட்டதையே நாளை பார்க்காமல் போடுங்கள். எங்கோ மறந்துபோகும். மறந்த இடத்தை நீங்களாக ஏதாவது போட்டு மூடுவீர்கள். அங்கேதான் உங்கள் கை முதல்முறையாகத் தெரியும். எனக்குத் தாமரையின் நுனி மறந்துபோய், ஒரு சுழி போட்டு முடித்தேன். இன்றைக்கும் என் தாமரைக்கெல்லாம் அந்தச் சுழி உண்டு. எங்கள் மாடியில் இன்னும் இரண்டு வாசலுக்கு அது பரவிவிட்டது.

ஒரே மாதிரி போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு. தினமும் புதுசுக்கு எங்க போவீங்க?

இது இந்த வரிசையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன். அலுப்பு வந்ததும் எல்லாரும் செய்வது, புள்ளியைக் கூட்டுவது, கலர் பொடி வாங்குவது, கைப்பேசியில் தேடுவது. நானும் செய்தேன். ஒரு மாதத்தில் அலுப்பு இரண்டு மடங்கானது. பிறகு ஒரு ஆடி மாசம் முழுக்க ஒரே புள்ளிக்கணக்கை மாற்றுவதில்லை என்று பிடிவாதமாக இருந்து பார்த்தேன்: நேர்ப்புள்ளி (ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்று), மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு. பன்னிரண்டே புள்ளி, சிக்குக் கோலம். அதில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து போகும், அந்தக் கோட்டைத்தான் கம்பி என்போம்.

பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடங்களை எண்ணுங்கள். இடவலமாக 9, மேல்கீழாக 8, ஆக 17 இடம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிப் போகலாம், அல்லது வெட்டாமல் விலகித் திரும்பலாம். அந்த இரண்டே முடிவு, 17 இடத்தில். பதினேழு இரண்டுகளைப் பெருக்கினால் 1,31,072 விதம் வருகிறது. நாளுக்கு ஒன்று போட்டால் ஏறத்தாழ 359 வருஷம்! இதில் பாதிக்குமேல் பார்க்கச் சகிக்காது, நிறைய ஒன்றைத் திருப்பிப்போட்ட இன்னொன்று. இருந்தாலும் எனக்குப் போதும். "புதுசு தீர்ந்துபோச்சு" என்று புலம்பிய வாயை அன்றைக்கே மூடிக்கொண்டேன். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது. பத்தாம் நாளுக்குமேல் ராத்திரி கிறுக்கும் இரண்டு நிமிஷம் இருபதாகி, வீட்டுக்காரர் விளக்கை அணைக்கச் சொல்லும் அளவுக்குப் போனது.

சிக்குக் கோலத்தின் இந்த விதிகளைக் கணினி ஆட்களும் விட்டுவைக்கவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தை ஒரு மொழி மாதிரி எடுத்துக்கொண்டு அதன் இலக்கணத்தை 1974இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். சில சின்ன விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் பெரிய கோலம் உருவாகும் என்பது அதன் சாரம். நம் பாட்டிகளுக்கு அந்தக் கட்டுரை தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

சிக்குக் கோலம் ஒரே கம்பியில முடியணும்னாங்க. எனக்கு எப்பவும் ரெண்டு மூணு துண்டா நிக்குது. என் தப்பா?

உங்கள் தப்பே இல்லை, புள்ளி எண்ணிக்கை அப்படி. நேர்ப்புள்ளியைச் செவ்வகமாக வைத்து, மேலே சொன்ன எல்லா நடு இடங்களிலும் கம்பி வெட்டிப்போகும்படி போட்டால், எத்தனை தனிக் கம்பி வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் பெரிய எண் எதுவோ, அத்தனை கம்பி. பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் மீப்பெரு பொது வகுத்தி என்று சொல்லும். 3க்கு 4 போட்டால் ஒரே கம்பி. 5க்கு 7ம் ஒன்று. 4க்கு 6 என்றால் இரண்டு. நாம் ஆசையாகச் சதுரமாக வைக்கிறோமே 4க்கு 4, அதில் நான்கு. தலைகீழாக நின்றாலும் நான்குதான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு வேறு வேறு கம்பிகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைப் பிடித்து, அங்கே வெட்டவிடாமல் விலக்கி வளைத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாகிவிடும். 4க்கு 4 கோலத்தில் அந்த மாதிரி மூன்று இடம் விலக்கினால் முழுசும் ஒரே கம்பி. எந்த மூன்று இடம் என்பது உங்கள் இஷ்டம். கோலத்தின் முகம் அங்கேதான் மாறுகிறது. வெள்ளிக்கிழமை பூஜை அறையில் போடும் ஹிருதய கமலம் ஒரே கோட்டில் முடிவதும் இந்தக் கணக்கால்தான்: நடுவிலிருந்து பிரியும் எட்டுக் கை, கைக்கு ஐந்து புள்ளி, எட்டுக்கும் ஐந்துக்கும் ஒன்றைத் தவிர வேறு பொது வகுத்தி கிடையாது. ஆப்பிரிக்காவில் அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து, கதை சொல்லிக்கொண்டே இதே மாதிரி கம்பி இழுப்பார்கள். அங்கே அது ஆண்கள் வேலை. இதை எங்கள் வாட்ச்மேனிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

பாதில தப்பாயிட்டா மொத்தத்தையும் அழிச்சுட்டு மறுபடி போடணுமா?

வேண்டாம். ஈரத்துணி நுனியால் அந்த இடத்தை மட்டும் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். எனக்கு அனுபவத்தில் தெரிந்த ஒன்று: சிக்கு எங்கே மூட மறுக்கிறதோ, தப்பு அங்கே இருக்காது. நான்கைந்து புள்ளிக்கு முன்னால், "இது சுலபம்" என்று பார்க்காமல் திருப்பிய வளைவில் இருக்கும். முட்டி நிற்கும் இடத்தையே முறைத்துக்கொண்டிருந்தால் குக்கர் விசில்தான் வரும்.

இதனால ஆஃபீஸ்ல ஏதாவது பிரயோஜனம் உண்டா? நேர்மையா சொல்லுங்க.

நேர்மையாகவே சொல்கிறேன். சம்பளம் கூடவில்லை, கோபம் குறையவில்லை. மாதக் கடைசியில் எல்லாரையும் போல எரிந்துதான் விழுகிறேன்.

ஒரு மாற்றம் உண்டு. வங்கிக் கணக்கை எங்கள் புத்தகத்தோடு ஒத்துப்பார்ப்பது என் வேலை. ஒரு தடவை 540 ரூபாய் இடித்தது. இரண்டு நாள் கடைசிப் பக்கத்தையே புரட்டினேன். மூன்றாம் நாள் காலை வாசலில் ஒரு சிக்கு மூடாமல் நின்றபோதுதான் உறைத்தது. போய் முதல் வாரத்தைப் பார்த்தேன். யாரும் சந்தேகப்படாத, மாதாமாதம் வரும் ஒரு பதிவில் இலக்கம் இடம் மாறியிருந்தது. அதற்கப்புறம் இடிக்கும்போதெல்லாம் சுலபமான பதிவுகளைத்தான் முதலில் பார்க்கிறேன். இதைக் கற்பனைத் திறன் என்று சொல்வார்களா தெரியாது. எனக்கு அன்றைக்கு டீ நன்றாக இருந்தது.

உங்களுக்காவது கணக்கு. என் வேலை வெறும் டேட்டா என்ட்ரி. அதுல போய் என்னத்தைப் புதுசா செய்யறது?

வேலையை மாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்வோம். 17 இடம் பற்றிச் சொன்னேனே, அந்தக் கண்ணோடு ஒரு நாள் உங்கள் வேலையைப் பாருங்கள். புள்ளிகளை மேலதிகாரி வைத்துவிட்டார், சரி. கம்பி எங்கே திரும்புகிறது என்பதில் உங்கள் கையில் ஏதாவது இருக்கிறதா? எங்கள் பிரிவில் தபால் பதிவு செய்யும் ஒருவர் இருந்தார். வந்த வரிசையில் பதியாமல், அனுப்பிய ஊர்வாரியாக அடுக்கிப் பதிவார். யாரும் சொல்லவில்லை. வடக்கிலிருந்து தெற்காகத் தினமும் ஒரு ரயில் பயணம் போகிற மாதிரி இருக்கும் என்பார். பிற்பாடு தபால் தேடுவது எங்களுக்கும் சுலபமானது.

தேடிப் பார்த்தும் ஒரு இடம்கூட இல்லையென்றால், சில வேலைகள் உண்மையிலேயே அப்படித்தான். அதில் கற்பனையைப் பிழிந்து எடுக்க வேண்டியதில்லை. முடித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள், ஏழு நிமிஷம் அங்கே இருக்கிறது.

பத்து மணிக்குள்ள மிதிச்சு அழிச்சுடறாங்க. மனசு வலிக்காதா?

முதல் வருஷம் வலித்தது. கூரியர் பையன் மேல் ஒரு தடவை கத்தியும் இருக்கிறேன். இப்போது எனக்கு அதுதான் வசதி. சுமாராக வந்த கோலமும் பத்து மணிக்குள் போய்விடும். நாளைக்கு வாசல் காலி. துணியில் எம்ப்ராய்டரி போட்டபோது தப்பான தையல் ஒன்று தலையணை உறையில் எட்டு வருஷம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால்தான் எம்ப்ராய்டரியை விட்டேன்.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கறது தப்பா?

தப்பெல்லாம் இல்லை. நானும் ஒரு மார்கழி முழுக்க வைத்தேன். எட்டாம் நாள் கவனித்தேன்: கலர் பொடியை வாசலுக்காக எடுக்கவில்லை, கைப்பேசியில் எடுப்பாகத் தெரியும் என்று எடுக்கிறேன். இருபதாம் நாள், போன வருஷத்தைவிடப் பெரிதாகப் போட்டுவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு யார் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தை பிறந்ததும் நிறுத்திவிட்டேன். இப்போது போட்டோ எடுக்கிறேன், நோட்டில் தேதி போட்டுக் குறித்தும் வைக்கிறேன். அன்றைக்கே யாருக்கும் அனுப்புவதில்லை. ஒரு வாரம் கழித்து அனுப்பத் தோன்றினால் அனுப்புகிறேன். பெரும்பாலும் தோன்றுவதில்லை.

போட்டியும் இதே கதைதான். வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் ஜாலி. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஜனவரியில் நடக்கும் கோலப் போட்டியைப் போய்ப் பாருங்கள், தெருவே தரையைப் பார்த்துக் குனிந்திருக்கும். தினசரி வாசலைப் போட்டியாக்க வேண்டாம் என்பது என் கட்சி.

ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. இது பொம்பளைங்க தலையில கட்டின வேலைதானே? இதுல போய் சந்தோஷம்னு சொல்றீங்களே?

கேட்டது கல்லூரிக்குப் போகும் எதிர்வீட்டுப் பெண். தப்பாக நினைக்கவில்லை, அவள் சொன்னது பாதிக்குமேல் சரி. என் அம்மா நாற்பது வருஷம் வாசலில் கோலம் போட்டாள். அதில் அவளுக்குச் சந்தோஷமா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. போடாத நாளில் "வாசல் வெறிச்சுனு கிடக்கு" என்ற ஒரு வார்த்தை போதும், கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். மாதவிலக்கு நாளில் போடக் கூடாது என்பார்கள், மற்ற நாளில் போடாமல் இருக்கக் கூடாது என்பார்கள்.

எனக்கு இது பிடிக்க ஆரம்பித்தது ஃபிளாட்டுக்கு வந்த பிறகுதான். இங்கே போடாவிட்டால் கேட்க ஆளில்லை. மாதக் கடைசி மூன்று நாள் வீட்டுக்காரர் போடுகிறார், அவருக்கு நட்சத்திரம் மட்டும்தான் வரும். கட்டாயத்துக்குப் போடுகிறவர்களுக்கு அது வேலை. அதில் சந்தோஷத்தையும் கண்டுபிடியுங்கள் என்று அவர்களுக்கு நான் இரண்டாவது வேலை கொடுக்கமாட்டேன். எதிர்வீட்டுப் பெண்ணிடமும் அதையே சொன்னேன். அவள் போடுவதில்லை. சில நாள் வந்து நின்று பார்ப்பாள், 17 இடம் கணக்கில் ஒரு தப்புகூடக் கண்டுபிடித்தாள். நான் முதலில் 16 என்று எண்ணி வைத்திருந்தேன்.

மனசே சரியில்லாத நாள்லயும் போடுவீங்களா?

தலைவலி, சண்டை, எரிச்சல் என்றால் போடுவேன். அன்றைக்கு என்று ஒரு கோலம் வைத்திருக்கிறேன், யோசிக்கவே வேண்டாத 19 புள்ளி. அழகாக வருவதில்லை, அதனால் என்ன.

துக்கம் வேறு. துக்க வீட்டு வாசலில் கோலம் கிடையாது, நம் வழக்கம் அப்படி. மாமியார் தவறியபோது கருமாதி முடிந்து, இனிமேல் போடலாம் என்று பெரியவர்கள் சொன்ன பிறகும் என்னால் முடியவில்லை. "வாசல் வெறிச்சுனு கிடக்கு" என்று எங்கள் வீட்டில் சொன்ன கடைசி ஆள் அவர்தான். கிண்ணத்தை எடுப்பேன், வைப்பேன். இரண்டரை மாதம் வாசலில் தண்ணீர் மட்டும் தெளித்தேன். அந்தக் காலத்தில் ஏதாவது செய்தே ஆகணும் என்று யாரும் என்னை விரட்டவில்லை, அதற்கு இன்றும் நன்றி.

நானும் ஆரம்பிச்சேன் அக்கா, மூணு மாசமா விட்டுப்போச்சு. மறுபடி எப்படி?

விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். 15 புள்ளியில் விட்டவர் 15இல் தொடங்கினால் இரண்டாம் நாளே மறுபடி விட்டுப்போகும். முதல் கேள்விக்குச் சொன்னதுதான்: புள்ளி மட்டும். அந்த இரண்டரை மாதத்துக்குப் பிறகு நானும் அப்படித்தான் வந்தேன். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு, பன்னிரண்டு புள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, குளித்துவிட்டு வந்து பார்த்தால் யாரோ இரண்டு புள்ளியைச் சுற்றி ஒரு வளைவு இழுத்திருந்தார்கள். கோணலாக, மாவு கொத்துக் கொத்தாக. எங்கள் சின்னவன் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. மாவுக் கிண்ணத்தை எடுத்து, அந்த வளைவு நின்ற இடத்திலிருந்து இழுத்தேன்.